பழசை எடுத்து வை

மச்சினன் செத்துப்போனது மாமாவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று பகல் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. செத்தது அவள் தம்பி. வெளிநாட்டில், மழை பெய்த ரோட்டில், கார் வழுக்கி. அவனோடு வேலை பார்த்தவன் போன் செய்து சொன்னான். மாமாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த தையல் இன்னும் முழுசாக ஆறவில்லை. "இப்ப சொல்லாதீங்க. உடம்பு வந்து சேர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே வீட்டுக்கு வர்றேன். நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லுங்க" என்றார் டாக்டர். அந்த முந்தின நாள்தான் இது.

என் மனைவி எல்லா வழியையும் அடைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மாமாவின் பட்டன் போனை, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது கூடத்தில் உள்ள கம்ப்யூட்டர். மாமா மெயில் பார்ப்பதும் உலகம் பார்ப்பதும் அதில்தான். அதைத் திறந்தால் ஊரெல்லாம் அனுப்பிய இரங்கல் வந்து கொட்டும்.

மாமா மின்சார ஆபீசில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர். ரிட்டயர் ஆன பிறகும் லினக்ஸ் தவிர வேறெதையும் தொட மாட்டார். "இதுதான் கேட்டா பதில் சொல்லும். மத்ததெல்லாம் 'ஏதோ தவறு நடந்துவிட்டது'ன்னு முகத்தைத் திருப்பிக்கும்" என்பார். தினமும் காலையில் டீ குடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து மகனுடைய வீட்டு மெஷினை ஒரு தடவை கூப்பிடுவார். பிங் என்பார்கள் அதை. தூரத்து மெஷினுக்கு ஒரு குரல் கொடுத்தால், அது ஓடிக்கொண்டிருந்தால், 'இருக்கிறேன்' என்று திருப்பிக் குரல் கொடுக்கும். நாம் நிறுத்தும் வரை லினக்ஸ் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதில் வர வர ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கும்.

அப்பாவும் மகனும் சேர்ந்து மெஷின்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இங்கே இருப்பது 'கூடம்'. அங்கே இருப்பது 'மாடி'. சின்ன வயதில் மச்சினனின் அறை மாடியில் இருந்ததாம். அவனுக்குப் போனில் பேசுவது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். மற்ற நாட்களில் இந்த நாலைந்து வரிதான். பார்த்து முடித்ததும் மாமா நிறுத்துவார். "வீட்ல கரண்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

செய்தி வந்த அன்று, மாமா குளித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அந்த மெஷினின் இணைப்பைக் கெடுத்தாள். நான் குளியலறைக் கதவைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன்.

"ஒயரைப் பிடுங்கிட்டா போதாதா?" என்றேன்.

"அதைத்தான் முதல்ல பார்ப்பாரு. ரௌட்டரை அணைச்சா உன் போனை வாங்கி கம்பெனிக்குப் பேசுவாரு, சாயங்காலமே ஆள் வந்து நிப்பான். கொஞ்சம் ஆழமா வெட்டணும்."

வெளியுலகுக்குப் போக எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்று அந்த மெஷினுக்கு ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்த வாசல் எங்கள் ரௌட்டர். அதன் எண் ஒன்று என்று முடியும். அவள் பக்கத்தில் இன்னொரு ஒன்றைச் சேர்த்தாள். பதினொன்று. அந்த எண்ணில் யாரும் இல்லை. இல்லாத வாசலில் போய் மெஷின் முட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் வெட்டு.

தட்டி முடித்து எழுந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தம்பிக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் இதை அப்பா சொல்லிக்கொடுத்தாரு" என்றாள். பிறகு போய் அடுப்பில் டீ வைத்தாள்.

அன்றும் மறுநாளும் "ஏரியாவுல லைன் பிரச்சனை" என்று சமாளித்தோம். மூன்றாம் நாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் இஸ்திரி போட்ட உடையில், ஏதோ ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சரக்கு விமான அலுவலகத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

"சாயங்காலம் டாக்டரைக் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அவரை அந்த மேஜைகிட்ட விடாதே."

"எப்படி விடாம இருக்கிறது? கட்டிப் போடவா?"

"உன் பொழப்பே அதானே. ராத்திரியெல்லாம் ஆளுங்களைக் காக்க வைக்கிறது."

அது உண்மை. இஞ்சினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவனுக்கு அகப்பட்ட வேலை அது. நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதற்குள் அதுவே வந்துவிடும். வராதவர்களிடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க என்று சொல்லவேண்டும்.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"வாங்க மாப்ளே. இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடுவோம்."

"நீங்க படுங்க மாமா. நான் பாத்துக்கறேன். அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

"உங்க கம்பெனி மந்திரத்தை இங்க சொல்லாதீங்க. கீழேருந்து மேல போவோம். முதல்ல ஒயர், அப்புறம் லைட்டு, அப்புறம் நம்பரு, அப்புறம் வாசல், அப்புறம் வெளியே. எங்க நிக்குதோ அங்க நாமளும் நிப்போம். நான் குனியக்கூடாது. நீங்க மேஜைக்குக் கீழ போங்க."

போனேன். தூசியும், எப்போதோ தொலைந்த பேனா மூடியும் இருந்தன. ஒயர் ஒழுங்காக மாட்டியிருந்தது. அதன் அருகே குட்டி விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"லைட்டு எரியுதா?"

"எரியல மாமா. ஒயர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். மாத்தணும். நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்."

"எரியலன்னா ஸ்கிரீன்ல கழண்டிருக்குன்னு வரணுமே. மாட்டியிருக்குன்னுதான் வருது. கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க."

"ஆமா மாமா. எரியுது. இப்பத்தான்."

"மாப்ளே, ராத்திரி முழுக்க எத்தனை பேர்கிட்ட இப்படிப் பொய் சொல்றீங்க?" சிரித்தார். சிரிப்பு தையலில் பிடித்து, தலையணையை அணைத்துக்கொண்டார்.

நான் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கிருந்து அவருடைய கால்கள் தெரிந்தன. ஆபரேஷனுக்காக நரம்பு எடுத்த காலில் நீளமாகத் தையல் தடம். அவர் கால் விரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடைத்த சந்தோஷம்.

மெஷினுக்கு நம்பர் இருந்தது. ரௌட்டரைக் கூப்பிட்டார். பதில் வந்தது. வெளியே ஒரு முகவரியைக் கூப்பிட்டார். போய்ச்சேர முடியவில்லை என்றது.

"பாத்தீங்களா மாமா. நம்ம வீடு வரைக்கும் ஒழுங்கா இருக்கு. வெளியதான் கோளாறு. கம்பெனிக்காரன் தோண்டிக்கிட்டிருக்கான். ஒரு வாரம் ஆகும்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

அப்போது சட்டைப் பையில் என் போன் சிணுங்கியது. எடுத்தேன். என் மனைவி. 'கையெழுத்து ஆச்சு. நாளைக்குக் காலைல வந்துடும். அப்பா எப்படி?' படித்துவிட்டு மூடினேன். மாமா அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை. போனின் மேல் ஓரத்தில் வீட்டு வைஃபை அடையாளம் முழுசாக நிறைந்திருந்ததைத்தான் பார்த்திருக்கிறார்.

"உங்களுக்கு வருதே."

"இது சிம் மாமா."

"சிம்முக்கு அந்தப் படம் வராதே."

அவருக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. அவர் மனசு முழுக்க மெஷினில் இருந்தது. "அப்ப ரௌட்டர் நல்லா இருக்கு. வெளியவும் நல்லா இருக்கு. கோளாறு இந்தப் பெட்டிக்குள்ளதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெளியே போகும் வழியைக் காட்டு என்று மெஷினிடம் கேட்டார். அது காட்டியது.

"பதினொண்ணு." விரலைத் திரையில் வைத்தார். "வாசல் பதினொண்ணுங்குது. நம்ம வாசல் ஒண்ணு இல்ல?"

"டைப் பண்றப்ப விரல் ரெண்டு தடவை பட்டிருக்கும் மாமா. நீங்களே எப்பவாச்சும்."

"நான் இதைத் தொட்டு வருஷக்கணக்கா ஆச்சு. மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் ஓடிச்சே."

"உங்க சின்னவரு மாத்தியிருப்பாரு. அங்கேருந்து உள்ள வந்து ஏதாவது பண்ணுவாருல்ல."

சொன்ன பிறகுதான் யார் தலையில் போடுகிறேன் என்று உறைத்தது. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத தலை.

"வாசலை அடைச்சுட்டு அவன் எப்படி வெளிய போவான்? உள்ளயே மாட்டிக்க மாட்டானா?" என்றார் மாமா. "அவனுக்கு அந்த அளவுக்கு அறிவு உண்டு."

கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தார்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதைத் தொடும் முன்னாலும் பழசை எடுத்து வை. மாமா ஆபீசில் தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. குழாய் மாற்றினால் பழைய வாஷர் ஒரு டப்பாவுக்குப் போகும். டப்பா மேல் 'பழசு' என்று எழுதியிருக்கும். நான் ஒருமுறை எரிந்துபோன பல்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று என் மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். எந்தக் கோப்பைத் திருத்தும் முன்னாலும் நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் பழசு என்று வால் சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். அப்பா, மகள், மகன் மூன்று பேருக்கும் அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. விரல்கள் செய்துவிடும்.

திரையில் வரிசையாகப் பெயர்கள். அந்தக் கோப்பும், அதன் கீழே அதே பெயரில் வால் சேர்த்த பழசும்.

கால் விரல் தாளம் நின்றது.

"தானா கெட்டுப்போனது பழசை எடுத்து வைக்காது" என்றார் மெதுவாக.

நான் சுவரைப் பார்த்தேன்.

"நீங்க பண்ணியிருந்தாலும் பழசு இருக்காது. உங்களுக்கு அந்தப் பழக்கம் வரல. நான் பண்ணல. சின்னவன் இல்ல." ஒவ்வொரு பெயராக ஒதுக்கினார். கொஞ்ச நேரம் முன்னால் ஒயர், லைட்டு, நம்பர் என்று ஒதுக்கிய அதே குரல். "பாப்பா."

பாப்பா என்றால் என் மனைவி.

"அவ ஏன் எனக்கு நெட்டை வெட்டணும்?" என்னைக் கேட்கவில்லை. திரையைத்தான் கேட்டார். "என் போன் நல்லாத்தானே இருந்துச்சு. பேட்டரி வீங்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. அதை எடுத்துக்கிட்டா. ரெண்டு நாளா யாரும் என்னைப் பாக்க வரல. நீங்க வேலை முடிஞ்சு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க. இன்னிக்குத் தூங்காம என் பக்கத்துல உக்காந்து ஒயரைப் பத்திப் பொய் சொல்றீங்க."

"மாமா, நீங்க முதல்ல படுங்க."

அவர் படுக்கவில்லை. விசைப்பலகையை அருகில் இழுத்தார். பாப்பா திருத்திய கோப்பை முதலில் ஒரு நகல் எடுத்து, இரண்டாவது பழசு என்று வால் சேர்த்து வைத்தார். பிறகு முதல் பழசை அதன் இடத்தில் போட்டார். நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். மின்சாரத்தையே அணைத்திருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. களைப்பாக இருந்தது என்பதுதான் நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

மெயிலைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. 'மாடி'யைக் கூப்பிட்டார்.

பதில் வந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. அடுத்தது. ஏதோ ஒரு பூட்டிய வீட்டில், மேஜைக்குக் கீழோ அலமாரி மேலோ, யாரும் அணைக்காத ஒரு பெட்டி, கேட்கக் கேட்க 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாமா வழக்கமான நாலைந்து வரியில் நிறுத்தவில்லை. திரை நிறைந்து, பழைய வரிகள் மேலே போய் மறைந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெஷின் இருக்கு" என்றார். பிறகு, "மாப்ளே, அவன் இருக்கானா?"

ஒரு நிமிஷம் லைன்ல இருங்க என்பதுதான் வாயில் வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு விசைகளை அழுத்தி நிறுத்தினார். கடைசியில் மெஷின் கணக்குக் காட்டியது. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது, எதுவும் தொலையவில்லை என்று. அதை அவர் படிக்கவில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்தார். இருமல் வரவில்லை. அணைத்தபடியே இருந்தார். தோள் மட்டும் ஆடியது.

நான் போனை எடுத்தேன். "டாக்டரைக் கூப்பிடறேன் மாமா."

"வேணாம். மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." ரொம்ப நேரம் கழித்து, "எதுல?" என்றார்.

"ரோட்டுல. மழை."

"கூட யாராவது?"

"தனியாத்தான்."

"எப்ப வரான்?"

"நாளைக்குக் காலைல."

தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பாப்பா சாயங்காலம் டாக்டரோட வர்றாளா?"

நான் அதைச் சொல்லவே இல்லை. "ஆமா" என்றேன்.

"அழுதாளா அவ?"

யோசித்துப் பார்த்தேன். "நான் பாக்கல மாமா."

"ம்." டம்ளரைக் கீழே வைத்தார். "அவளே வந்து சொல்லட்டும். தனியா தூக்கிட்டுத் திரியறா. இறக்கி வைக்க வர்றப்ப, எனக்குத் தெரியும் போம்மான்னு சொன்னா எங்க கொண்டுபோய் வைப்பா? அவ சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது எனக்குத் தெரியும்னு. புரியுதா?"

புரிந்தது. அவர் மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினார். வாசலை மறுபடி பதினொன்று ஆக்கினார். வெளியே ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். போய்ச்சேர முடியவில்லை என்றது. சரியாக வெட்டிவிட்டோமா என்று இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு திரையை அணைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் என் மனைவி வந்தாள். பின்னால் டாக்டர், பையோடு. அவள் உள்ளே வந்ததும் முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவள் எடுத்துக்கொண்டாளோ தெரியாது.

மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். "வாம்மா. நெட்டு இன்னும் வரல. உன் புருஷன் காலைலேருந்து மேஜைக்குக் கீழயே கிடந்தாரு. ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியல. இவரை வேலைக்கு வச்சிருக்கானே, அந்தக் கம்பெனியைச் சொல்லணும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியம் ஏதோ இருந்திருக்கும். "அப்பா, தம்பி" என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த அழுகை அவர் மடியில் உடைந்தது. அவர் அவள் முதுகைத் தடவியபடி, "சொல்லும்மா. தம்பிக்கு என்ன? சொல்லு" என்று கேட்டார். கடைசி வரை கேட்டார். அவள் சொல்லி முடித்தாள். அதன் பிறகு அவர் அழுதது நடிப்பில்லை.

டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம், "நல்லா தாங்கிக்கிட்டாரு. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார். நான் அவருக்குச் செருப்பை எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. நடக்கவேண்டியது நடந்தது. வந்தவர்கள் போன பிறகு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி போய் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாமா உள் அறையில் படுத்திருந்தார். கதவு திறந்திருந்தது.

வெட்டியதை ஒட்டவைக்கத்தான் அவள் உட்கார்ந்தாள். கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தாள். தட்டும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். திரையில் அவள் வைத்த பழசு இருந்தது. அதற்குக் கீழே, அவள் வைக்காத இரண்டாவது பழசு.

அந்த வாலைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். இப்போது இரண்டு.

"எப்ப பாத்தாரு?" என்றாள். திரும்பவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி. மத்தியானம்."

பதினொன்றில் ஒரு ஒன்றை அழித்தால் வாசல் சரியாகிவிடும். அழித்தாள். இரண்டு பழசையும் அப்படியே விட்டாள். இணைப்பு வந்தது.

"வந்துடுச்சா பாப்பா?" உள்ளேயிருந்து மாமாவின் குரல்.

"வந்துடுச்சுப்பா."

பிறகு, "மாடி?"

அவள் கூப்பிட்டாள். வரி எதுவும் இறங்கவில்லை. மச்சினனின் நண்பர்கள் அங்கே வீட்டைக் காலி செய்து மெஷினை அணைத்திருப்பார்கள். கறுப்புத் திரையில் கர்சரின் துடிப்பு மட்டும் விட்டு விட்டு அடித்தது. நாற்காலியைக் கையில் வைத்தபடி நான் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நின்றேன். மூன்று நாளாகப் பொய் சொல்லித் தேறியிருந்தவள்.

"பதில் இல்லப்பா."

"சரிம்மா." கட்டில் கிரீச்சிட்டது. புரண்டு படுத்திருக்க வேண்டும். "நிறுத்திடு. அது தானா நிக்காது."

அவள் விரல்கள் அந்த இரண்டு விசைகளின் மேல் இருந்தன. அழுத்தவில்லை. நான் நாற்காலியை மற்றவற்றின் மேல் அடுக்கிவிட்டு, அடுத்ததை எடுக்கப் போனேன்.